மைனஸ் மூன்று அடி தண்ணீர்

விடுதியின் மாடித் தொட்டியில் மைனஸ் மூன்று அடி தண்ணீர் இருந்தது. கணினி அப்படித்தான் அடித்துச் சொன்னது.

"ஜீரோவுக்கும் கீழ தண்ணி எங்கம்மா போய் நிக்கும்?" என்றார் பேராசிரியர்.

கணிதத்துறையின் கடைசி வருட மாணவி திருதிருவென்று விழித்தாள். தொட்டிக்கு வரும் தண்ணீர், போகும் தண்ணீர், இரண்டையும் வைத்து ஒரு வகைக்கெழுச் சமன்பாடு. மணிக்கு மணி நீர்மட்டத்தை அது முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதுதான் அவளுடைய புராஜெக்ட். இது தேறினால்தான் பட்டம். பட்டம் இருந்தால்தான் ஒன்றாம் தேதி வேலையில் சேர முடியும்.

ஒழுகும் குழாய்களுக்காகச் சமன்பாட்டில் ஓர் உறுப்பைச் சேர்த்தாள். மைனஸ் ஐந்தானது. வெயிலுக்கு ஒன்று சேர்த்தாள். மைனஸ் ஏழு. வந்த ஆத்திரத்தில் மழையைச் சேர்த்தாள். நாற்பது அடி!

"தொட்டியே எட்டடிதான். மிச்சம் ஆகாசத்துல நிக்குதா?"

நான்கு நாள் மாறிலிகளோடு மல்லுக்கட்டி, ஒருவழியாக எட்டடிக்குள் அடக்கினாள். ஒரு மாதத்துக்கான கணிப்புகளை அச்சடித்துக்கொண்டு பம்ப் அறைக்கு ஓடினாள். மணிக்கொரு தரம் ஏணியில் ஏறி, அளவுகோலை விட்டுப் பார்த்து, பதிவேட்டில் எழுதுவது பம்ப் ஆபரேட்டரின் வேலை.

"அண்ணே, இத இங்க ஒட்டிக்கிறேன். நீங்க எழுதுறதோட ஒத்துப்போகுதான்னு பாக்கணும்."

"அடுத்த மாசம் வரைக்கும் இன்னிக்கே போட்டுட்டியா பாப்பா?"

"மணிக்கு மணி போட்டிருக்கேண்ணே."

"படிச்ச புள்ளைங்க படிச்ச புள்ளைங்கதான்" என்று முழங்காலைத் தடவிக்கொண்டார் ஆபரேட்டர்.

ஒரு வாரம் கழித்துப் பதிவேட்டைத் திறந்தவளுக்குத் தலைகால் புரியவில்லை. கணிப்பு 5.42, பதிவேடு 5.42. கணிப்பு 6.07, பதிவேடு 6.07. ஒன்றுகூடப் பிசகவில்லை.

பேராசிரியர் நாற்காலியில் உட்காரவே இல்லை. "என் சர்வீஸ்லயே இப்படிப் பாத்ததில்ல! ஆறடி தண்ணிய வெச்சுக்கிட்டு மோட்டார் எதுக்குத் தண்டமா ஓடுது?" என்று அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, மோட்டார் ஓடும் நேரத்தைப் பாதியாக்கினார்.

மறுநாளே அறைத்தோழி போனில் அலறினாள். "அடியே, தலையெல்லாம் சோப்பு! குழாயில வெறும் காத்துதான் வருது!"

"தொட்டியில ஆறடி இருக்குடி!"

"உன் ஆறடிய நீயே வந்து என் தலையில ஊத்து!"

பேராசிரியர் அசரவில்லை. "சமன்பாடு சரி, பதிவேடு சரி. அப்போ குழாய்தான் தப்பு." குழாய்களை மாற்றினார்கள். புதுக்குழாயில் புதுக்காற்று வந்தது.

வாய்மொழித் தேர்வு நாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கை கழுவப் போய், கழுவாமலே திரும்பினார். பதிவேட்டைப் புரட்டினார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி புரட்டினார். மாணவி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஐந்தே நாள்.

"இத எழுதுறவரக் கூப்பிடுங்க."

ஆபரேட்டர் வந்து பவ்யமாக நின்றார்.

"இவ்வளவு துல்லியமா எப்படிங்க அளக்குறீங்க?"

"அளக்குறதா?" ஆபரேட்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "பாப்பாதான் மணிக்கு மணி எழுதி ஒட்டிட்டுப் போயிடுச்சே, அதப் பாத்து எழுதுறத விட்டுட்டு நான் எதுக்குங்க ஏணி ஏறணும்?"