ரொட்டிக் கடையில் அனுமார் இருந்த பதினோரு நாள்

கராச்சி,
ஆகஸ்ட் 29

உல்லாஸ்நகரில் வாழும் மரியாதைக்குரிய அத்தான் ஹோத்சந்த் அவர்களுக்கு, மைத்துனன் டீகம்தாஸ் கைகூப்பி எழுதுவது. நம் குலதெய்வம் ஜூலேலால் கிருபையால் இங்கு யாவரும் சுகம். அங்கு தங்கள் மூட்டுவலியும் அக்காவின் கோபமும் குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

நிற்க. இங்கே மழை அதிகமாமே என்று கேட்டிருந்தீர்கள். சந்துச் சாக்கடை அடைத்துக்கொண்டு நான் பூஜை செய்யும் நம் அனுமார் கோயில் கர்ப்பக்கிருகத்தில் இடுப்பளவு தண்ணீர் ஏறி, பின்சுவரும் விரிசல் விட்டுவிட்டதால், பக்கத்து ரொட்டிக் கடை குர்பான் அலியைக் கூப்பிட்டேன். அவன் சல்வாரை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு வந்து, அனுமாரைத் தோளில் தூக்கிப் போய்த் தன் மாவு மூட்டை அறையில் உட்கார வைத்தான். "தண்ணி வடியற வரைக்கும் இங்க இருக்கட்டும் மகராஜ்"னான். தண்ணி மூணே நாள்ல வடிஞ்சிடுச்சு அத்தான், அனுமார்தான் திரும்பி வரலை. அவர் வந்ததுலேர்ந்து அந்த அறையில எலித் தொல்லையே இல்லையாம்! செவ்வாய்க்கிழமை நம்ம ஜனங்க எல்லாரும் மாலையோட அங்கயே போயிட்டு, வரும்போது ஆளுக்கு நாலு ரொட்டியும் வாங்கிட்டு வராங்க. நான் காலிக் கோயில்ல விளக்கைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். தினம் போய்ச் சண்டை போட்டுக் கேட்டா, "சுவர் இன்னும் காயலை மகராஜ், ஈரத்துல வச்சா அவருக்குச் சளி பிடிக்கும்"கிறான். அனுமாருக்குச் சளி!

பதினோராம் நாள், கோயில் இடங்களைக் கணக்கெடுக்கிற சர்க்கார் அதிகாரி ஒருத்தர் அளவு நாடாவோட வந்தார். சுத்தி முத்தி பார்த்துட்டு, "சிலை இல்ல, பூஜை இல்ல, காலி இடம்"னு எழுத ஆரம்பிச்சுட்டார். அப்படி எழுதிட்டா இடத்தை வேற யாருக்காவது விட்டுடுவாங்க, அப்புறம் சாமியே வந்தாலும் நிக்க இடமிருக்காது. "சாமி பக்கத்துக் கடையில இருக்கார் சாஹிப்"னேன். "ரொட்டி வாங்கப் போயிருக்காரா?"ன்னு சிரிச்சார். சத்தம் கேட்டு குர்பான் அலி, அடுப்புல ரொட்டியைக் கருகவிட்டுட்டு, அனுமாரைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடியாறான். ரெண்டு பேர் மேலயும் தலையிலேர்ந்து கால் வரைக்கும் மாவு. பீடத்துல வச்சுட்டு அப்படியே பக்கத்துல உக்காந்துட்டான். அதிகாரி காகிதத்தைப் புரட்டி, "செந்தூர நிறச் சிலைன்னு இருக்கு. இது வெள்ளையா இருக்கே?"ன்னார்.

"உங்களைப் பார்த்து வெளுத்துட்டார் சாஹிப். என்னையும் பாருங்க"ன்னான் குர்பான் அலி.

வாசல்ல கூடியிருந்த சந்தே சிரிச்சுது. ஒருத்தரும் கலைஞ்சு போகலை. அதிகாரி எழுதினதை அடிச்சுட்டு, 'பூஜை நடக்கிறது'ன்னு போட்டுட்டுப் போனார்.

அவர் போன பிறகு குர்பான் அலி ஒரு துணியை நனைத்து, அனுமார் முகத்து மாவைத் தானே துடைத்துக்கொண்டிருந்தான். அப்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை அக்காவிடம் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு மழைக்கும் இப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்க எனக்கு இனித் தெம்பில்லை. பூஜையைச் சித்தப்பா மகன் கேவல்ராம் பார்த்துக்கொள்வான். தாங்கள் அழைத்தபடி இந்தியாவுக்கே வந்துவிடுகிறேன். இது முடிவான முடிவு. சின்னதாக ஒரு அறை பார்த்து வைக்கவும்.

அக்காவுக்கு நமஸ்காரம், பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
டீகம்தாஸ்

பி.கு.: அறை பார்க்க வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் சந்துக்காரர்கள் பள்ளிவாசல் முன்னால் கூடி, சாக்கடைக் கமிட்டி ஒன்று போட்டு, என்னைத் தலைவராக்கிவிட்டார்கள். "ஏன்யா, நான்தான் கிடைச்சேனா?"ன்னு கேட்டேன். "இந்தச் சந்துல உங்க அளவுக்குச் சண்டை போட வேற யாருக்குத் தெரியும் மகராஜ்?"னான் குர்பான் அலி. நாளைக் காலை பத்து மணிக்கு முனிசிபாலிட்டி ஆபீஸில் முதல் சண்டை.