டகடக விஷயமாக மச்சானுக்கு

அய்யா உண்டு.

குலசேகரம்,
ஞாயிற்றுக்கிழமை, கடை அடைப்பு.

பெருமதிப்பிற்குரிய மச்சான் நாராயணபெருமாள் அவர்களுக்கு, உங்கள் தங்கை பகவதியைக் கைப்பிடித்த சுயம்புராஜ் பணிவோடு எழுதுவது. இங்கே நானும் ரப்பர் கடையும் சுகம், வண்டி மட்டும் சுகமில்லை. அங்கே கோட்டாற்றில் தாங்களும் அக்காளும் மருமக்களும் பலசரக்குக் கடையும் சுகமாக இருக்க வேண்டும். போன வாரம் அங்கே வந்து சேர்ந்த உங்கள் தங்கையும் சுகமாகவே இருக்கட்டும், ஆனால் ரொம்பச் சுகமாக இருந்துவிட வேண்டாம் என்று அய்யாவை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போன் செய்தால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், பக்கத்தில் அவள் இருப்பாள், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு அங்கே மழை உண்டா என்று கேட்டு வைத்துவிடுவேன். ஏற்கெனவே இரண்டு தடவை அப்படி ஆகிவிட்டது. கோட்டாற்று மழையைப் பற்றி எனக்கு ஏன் இவ்வளவு கவலை என்று நீங்களும் யோசித்திருப்பீர்கள்.

அவள் உங்களிடம் எதுவும் சொல்லியிருக்க மாட்டாள். ஆகையால் என் மானத்தை நானே வாங்கிக்கொள்கிறேன். நான் அந்தச் சிவப்புக் காரை எடுக்கப் போகிறேன் என்றபோது, ரப்பர் வியாபாரிக்கு எதற்கு ரேஸ் வண்டி, உயரமாகப் பெரியதாக மரியாதையான ஒன்றை எடும் என்று முதலில் சொன்னவர் நீங்கள். பேச்சிப்பாறை ஏற்றத்தில் ஒரு பொடியன் அந்த மாதிரி வண்டியில் என்னைத் தாண்டிப் போனதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று என்பதை உங்களிடம் சொல்ல வெட்கப்பட்டேன். பார்த்தால் சின்ன வண்டி, உள்ளே பெரிய எஞ்சின், மிதித்தால் முதுகு சீட்டில் போய் ஒட்டும். அது காலேஜ் பையன்மார் ஓட்டுகிற வண்டியல்லவா அப்பா என்று திருவனந்தபுரத்திலிருந்து மகள் அஞ்சலியும் சிரித்தாள். எல்லாரும் சிரித்த இடத்தில் பகவதி ஒருத்திதான், "ஆசப்பட்டத எடுங்க. இனி எப்பம் எடுக்கப் போறிய?" என்று கேட்டாள். சிவப்பு நிறமும் அவள் சொன்னதுதான்.

கடைக்கு நான் பழைய ஸ்கூட்டரில்தான் போவேன். கார் ஞாயிற்றுக்கிழமைக்கு. முன்சீட்டில் அவள் ஏறி உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்து, பெல்ட்டை மாட்டினால் பேச்சு தொடங்கிவிடும். திற்பரப்பு, முட்டம், ஒருநாள் அய்யாவைக் கும்பிடச் சாமிதோப்பு என்று சுற்றினோம். நம் ஊரில்தான் முக்குக்கு முக்கு பேனர் உண்டே, கல்யாணம், காதுகுத்து, நினைவஞ்சலி என்று. அத்தனையையும் அவள் வாசிப்பாள். ஒரு பேனரைத் தாண்டுவதற்குள், இது நேசபாய் டீச்சரின் பேத்தி, மாப்பிள்ளைக்குத் துபாயில் ஏசி வேலை, இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தது இன்னார், நடுவில் கலைக்கப் பார்த்தது இன்னார் என்று மூன்று தலைமுறையும் வந்து போய்விடும். நான் ம் கொட்டிக்கொண்டே ஓட்டுவேன். அந்த வண்டியில் இருக்கிற பாட்டுப் பெட்டியை இதுவரை நாங்கள் தொட்டதே இல்லை.

இப்படி இருக்கையில் அஞ்சலிக்குக் காய்ச்சல் என்று பகவதி திருவனந்தபுரம் போனாள். வண்டியைச் சும்மா போட்டால் பாட்டரி இறங்கிவிடுமே என்று நான் தனியாக எடுத்துக்கொண்டு கிளம்பினேன். செருப்பாலூர் தாண்டி ரோடு பெயர்ந்து கிடக்கிற இடத்தில் கேட்டேன் மச்சான், டகடக என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை, தீப்பெட்டியில் நாலு குச்சி மட்டும் மிச்சம் இருந்தால் எப்படிக் குலுங்குமோ அப்படி. வேறு ஒருவர் என்றால் சவத்தை விடு என்று போயிருப்பார். ஆனால் என் தொழில் என்ன? ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு குமிழி தெரிந்தால் தரத்தில் ஒரு படி இறக்குவேன், கடுகளவு அழுக்கு தெரிந்தால் இன்னொரு படி இறக்குவேன். ரப்பர் தோட்டக்காரர்கள் எனக்கு முதுகுக்குப் பின்னால் குமிழி அண்ணாச்சி என்று பெயர் வைத்திருப்பதும் எனக்குத் தெரியும். இத்தனை விலை கொடுத்து எடுத்த வண்டியில் ஒரு குமிழி இருந்தால் எனக்குச் சோறு இறங்குமா?

பகவதி திரும்பி வந்ததும் வராததுமாக அவளை முன்சீட்டில் ஏற்றி அதே இடத்துக்குக் கொண்டுபோனேன். சத்தம் இல்லை. அவளோ காய்ச்சல் விவரம், அஞ்சலியின் மாமியார் வைத்த ரசத்தின் விவரம் என்று பேசிக்கொண்டே வந்தாள். பேச்சில்தான் சத்தம் அமுங்கிப் போகிறது என்று நான் முடிவு கட்டினேன். அடுத்த வாரம் அவளைப் பேசாமல் வரச் சொன்னேன். அதற்கடுத்த வாரம் வளையல் கிலுங்குகிறது என்று அதைக் கழற்றிக் கைக்குட்டையில் பொதியச் சொன்னேன். சாவிக்கொத்தை மடியில் அமுக்கிப் பிடிக்கச் சொன்னேன். ஏசி இரைகிறது என்று அதை அணைத்து, கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, சித்திரை வெயிலில் இரண்டு பேரும் அவிந்துகொண்டு போனோம். அவள் பரீட்சை ஹாலில் இருப்பதுபோல நேரே பார்த்துக்கொண்டு இருந்தாள். பேனர்கள் வந்து வந்து போயின, அவள் வாசிக்கவில்லை. நான் அதைக் கவனிக்கவும் இல்லை, என் காது டாஷ்போர்டில் இருந்தது. இத்தனை செய்தும் டகடக வரவில்லை. அவளை வீட்டில் இறக்கிவிட்டு நான் மட்டும் போனால் அடுத்த நிமிஷம் வந்தது.

கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். டை கட்டிய ஒரு தம்பி பக்கத்தில் ஏறி, சட்டப்படி பெல்ட்டெல்லாம் போட்டு, ஒரு சுற்று வந்தான். வண்டி வாத்தியாரைக் கண்ட பிள்ளை மாதிரி வாயைப் பொத்திக்கொண்டது. கடைசியில் அவன், "சார், இது ஸ்போர்ட்டி வண்டி. கொஞ்சம் சத்தம் கேட்டாலும் அது அதுக்க கேரக்டர். உங்க எதிர்பார்ப்புதான் கொஞ்சம் கூடுதல்" என்றான். தரம் குறைந்த ஷீட்டைத் தூக்கிக்கொண்டு வந்து இது மழைக்காலத்தின் குணம் என்று சொல்கிறவர்களை நான் கடையில் ஏறவே விடமாட்டேன். அவனிடம் தேங்க்ஸ் சொல்லிவிட்டு வந்தேன். கேட்டைத் தாண்டியதும் டகடக. அப்புறம் நம் ஊர் மெக்கானிக் ஸ்டெனியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று நாள் ஓட்டினேன், அவனுக்கும் கேட்கவில்லை. அவன் தயங்கித் தயங்கி, அண்ணாச்சி மார்த்தாண்டத்தில் நல்ல காது டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்றான். போனேன் மச்சான். காதில் ஒரு குறையும் இல்லை, இளவட்டக் காது என்று டாக்டர் எழுதியே கொடுத்தார். அந்த டாக்டர் சீட்டைப் பகவதியிடம் காட்டினேன். அவள் அதை வாங்கி, உப்பு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, "அப்பம் நான் பேசினா மட்டும் ஏன் கேக்கல்ல?" என்று கேட்டாள். எனக்கு அதுவும் சரியாகக் கேட்கவில்லை.

பிறகு என் கைவைத்தியம். ரப்பர்க்காரனுக்கு வேறென்ன தெரியும்? ஷீட்டை நறுக்கி டாஷ்போர்டு இடுக்கில் எல்லாம் திணித்தேன். அது போதாமல், மரத்தில் வடிந்து காய்ந்து கிடக்குமே, அந்த ஒட்டுப்பாலை உருட்டிக் கதவுகளுக்கு உள்ளே செருகினேன். உச்சி வெயிலில் வண்டி நிற்கும்போது அது வேகத் தொடங்கியது. ஒட்டுப்பால் நாற்றம் எப்படி இருக்கும் என்று கோட்டாற்றில் இருக்கிற உங்களுக்குத் தெரியாது, தெரியாமல் இருப்பதே நல்லது. பெட்ரோல் பங்க்கில் நின்றால் பக்கத்து வண்டிக்காரர்கள் செருப்பைத் தூக்கிப் பார்த்தார்கள். பகவதி கண்ணாடியில் ஒரு முழம் பிச்சிப்பூவைத் தொங்கவிட்டாள். அதற்குப் பிறகு ரப்பர் கிடங்கில் கல்யாணம் நடந்த மாதிரி ஆகிவிட்டது.

இனி போன ஞாயிறுக்கு வருகிறேன். முன்பக்கம் முழுக்கப் பார்த்தாயிற்று, பின்சீட்டில் உட்கார்ந்து கேள் என்று சொல்லி அவளைப் பின்னால் ஏற்றினேன். செருப்பாலூர் தாண்டியதும் டகடக. "கேக்குது" என்றாள் அவள். மச்சான், நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினேன். எத்தனை மாதம் கழித்து எனக்கு ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது. அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்றைக்கு மட்டும் ஏன் கேட்டது, என்ன மாறியிருக்கிறது என்று வாய்விட்டு யோசித்து, உன் வெயிட்டு பின்பக்கத்தை அமுக்குகிறது, அதனால்தான் சத்தம் வெளியே வருகிறது என்று நானே கண்டுபிடித்துச் சொன்னேன். சந்தோஷமாகச் சொன்னேன் என்பதுதான் இதில் பெரிய கேடு. அழகியமண்டபம் வந்தது. ஜங்ஷனில் நிறுத்தச் சொன்னாள். கைக்குட்டையைப் பிரித்து வளையலை ஒவ்வொன்றாகப் போட்டாள். "எனக்க வெயிட்டுதான் உங்க வண்டிக்குக் கேடுன்னா, வண்டிக்கு நல்லது செய்யுதேன்" என்றாள். இறங்கி, உங்கள் பக்கம் வருகிற வடசேரி பஸ்ஸில் ஏறிவிட்டாள். அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்குத் திரும்புகிற வழியில், அவள் இறங்கியதால் சத்தம் குறைந்திருக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். குறையவில்லை.

மச்சான், இந்த வாரம் முழுக்க வீட்டில் சத்தமே இல்லை. நான் கேட்டதும் அதைத்தானே. சோறு நானே பொங்குகிறேன், குழைந்துபோகிறது, அதற்கு நானே தரம் போட்டுக்கொள்கிறேன். ஆகவே தாங்கள் எனக்காக மூன்று காரியம் செய்ய வேண்டும். உங்கள் கடைக்கு வருகிறவர்களில் சிவப்பு வண்டிக்கு ஆசைப்படும் இளவட்டம் யாராவது இருந்தால் சொல்லுங்கள், விற்றுவிடுகிறேன். உங்கள் வக்கீல் நண்பரை விட்டு கம்பெனிக்குக் காரமாக ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள், குற்றம் முழுக்க அந்த வண்டியினுடையது. மூன்றாவது, உங்கள் தங்கையிடம் பக்குவமாகப் பேசி அனுப்பி வையுங்கள். அடுத்து நீங்கள் சொன்ன மாதிரியே உயரமான வண்டி, வெள்ளையோ சாம்பலோ, உங்கள் இஷ்டம்.

அக்காளுக்கு என் வணக்கம். மருமக்கள் படித்து உத்தியோகத்தில் ஏறி, வண்டி வாங்கினாலும் சத்தம் கேட்காத காதோடு வாழ என் ஆசி. உங்கள் கடையில் மிளகும் மல்லியும் குறையாமல் அய்யா பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை விட்டால் வேறு கதியில்லாத
சுயம்புராஜ்

பி.கு: ஒட்டிய கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்று திங்கள். கடையின் லோடு வண்டி பழுதாகிவிட்டதால், தக்கலைக்குக் கொடுக்க வேண்டிய ஷீட்டுக் கட்டுகளைக் காரிலேயே ஏற்றினேன். டிக்கியும் பின்சீட்டும் நிறைந்து ஒரு கட்டு மிஞ்சியது, அதை முன்சீட்டில் வைத்தேன். யாரோ பெல்ட் போடாமல் இருக்கிறார்கள் என்று வண்டி கிணுகிணு என்று அடித்துக்கொண்டே இருந்தது. ரப்பர் கட்டுக்குப் பெல்ட் போட்டுவிட்டுக் கிளம்பினேன். செருப்பாலூர் ரோட்டில் சத்தம் இல்லை. காது போய்விட்டது என்று பயந்து ஹாரன் அடித்துப் பார்த்தேன், அது கேட்டது. திரும்பி வந்து முன்சீட்டுக் கட்டை இறக்கிவிட்டு மறுபடி போனேன், டகடக. அப்போதுதான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். காலி சீட்டின் பெல்ட் கொக்கி சும்மா தொங்கிக்கொண்டு, பக்கத்துப் பிளாஸ்டிக்கில் தட்டிக்கொண்டிருக்கிறது. யாராவது உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினால் சத்தம் இல்லை. பகவதி உட்கார்ந்தாலும் இல்லை, டை கட்டிய தம்பி உட்கார்ந்தாலும் இல்லை. நான் அவளைப் பின்னால் ஏற்றியதால்தான் முன்சீட்டு காலியாகிச் சத்தம் வந்தது.

மேலே எழுதியதில் வண்டியைப் பற்றிச் சொன்னது எல்லாம் பொய் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்க வேண்டாம், வக்கீல் வேண்டாம். கிழித்துவிட்டு வேறு எழுதலாம்தான், ஆனால் நான் எவ்வளவு பெரிய கிறுக்கன் என்று அவளுக்கு முழுசாகத் தெரியட்டும், கடிதத்தை அவளிடமே கொடுத்துவிடுங்கள். காலி சீட்டிலும் கொக்கியை மாட்டி வைத்தால் போதும், சத்தம் வராது என்று ஸ்டெனி சொல்கிறான். நான் மாட்டவில்லை. ஆள் இல்லை என்பதைத்தான் அது இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தது, எனக்குத்தான் விளங்கவில்லை. அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை மச்சான், அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். வருகிற ஞாயிறு காலையில் கோட்டாற்றுக்கு வருகிறேன். ஒட்டுப்பாலை எல்லாம் தோண்டி எடுத்துவிட்டேன், நாற்றம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. திருவட்டாறு முக்கில் புதிதாக ஒரு பெரிய பேனர் கட்டியிருக்கிறார்கள். மாப்பிள்ளை கோட்டுப் போட்டு நிற்கிறான். யார் மகன் என்று எனக்குத் தெரியவில்லை.