பக்கம் திரும்பிப் பார்க்கிறவர்

கித்தார்க்காரன் ஞானதாசனுக்கு வருஷக்கணக்காக ஒரு பொருமல். நாகர்கோவில் வட்டாரத்தில் எவன் தொண்டை பிசகினாலும் பழி அவன் கம்பியில் வந்து விழுகிறது. கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா ஆசைப்பட்டுப் பாடிக் கம்மினாலும் கித்தார் சரியில்லை. சபைப் பாட்டில் ஒரு அம்மாள் மேலே ஏறப் போய்க் கீச்சிட்டாலும் கித்தார் சரியில்லை. கித்தாருக்கு வாய் கிடையாது. ஞானதாசனுக்கு உண்டு, ஆனால் வாயைத் திறந்தால் மறுநாள் அந்த வாய்க்கு யார் சோறு போடுவது?

இந்தப் பொருமலுக்குக் காரணமான இனத்துக்குப் பக்கம் திரும்பிப் பார்க்கிறவர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நன்றாகச் செருமி, அங்கவஸ்திரத்தை ஒதுக்கி, கண்ணை மூடி, கையை மேலே தூக்கி, கையோடு குரலையும் தூக்கி, குரல் போகிற வழியில் எங்கேயோ தடுக்கிக் குப்புற விழுந்ததும், சட்டென்று கண்ணைத் திறந்து, பக்கத்தில் வாசிக்கிறவனைத் திரும்பிப் பார்ப்பார். வாயால் ஒரு சொல் சொல்ல மாட்டார். பெரிய மனுஷன் அல்லவா. இரண்டு விரலைத் தூக்கி, காற்றிலே, கம்பிக்குச் சுருதி சேர்க்கிற ஒரு முறுக்காணியைத் திருகிக் காட்டுவார். அவ்வளவுதான். கூட்டம் மொத்தமும் 'ச்சு' கொட்டும். விழுந்த குரலுக்காகவா? இல்லை. இப்பேர்ப்பட்ட பாடகருக்கு இப்படி ஒரு கித்தார்க்காரன் வாய்த்தானே என்று.

இவர்கள் பாட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். சைக்கிளிலிருந்து விழுந்தால் ரோட்டைத் திரும்பிப் பார்ப்பார்கள். பஸ்ஸைத் தவறவிட்டால் வெந்நீர் போட்ட பெண்சாதியைப் பார்ப்பார்கள். கணக்கில் மகன் தோற்றால் வாத்தியாரைப் பார்ப்பார்கள். கண்ணாடியை மட்டும் பார்க்க மாட்டார்கள். பார்த்தாலும் மீசை சீவத்தான்.

இந்த இனத்துக்கே கிரீடம் வைத்தவர் சுந்தரராஜ். கிரீடம் என்றால் சும்மா இல்லை, ஜிகினா ஒட்டிய நிஜக் கிரீடம். பகவதியப்பன் நாடகக் கம்பெனியில் அவர்தான் என்றைக்கும் ராஜா. ஞானதாசனுக்கு அங்கே கித்தார். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரின் சம்சாரம் சீமைக்குத் திரும்பும்போது அவனிடம் விட்டுப்போன கித்தார் அது. அதோடு விட்டானா கம்பெனிக்காரன்? முனிவருக்குத் தாடி ஒட்டுவதும், இடைவேளையில் கோமாளிப் பாட்டுக்கு ஆடுவதும், ஆள் வராத நாளில் சேவகனாக நிற்பதும் அவன் தலையில்தான். அது இந்த ஊர்களெல்லாம் எந்த ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்று தெருவுக்குத் தெரு கோஷம் போட்டுக்கொண்டிருந்த காலம். கித்தார் எந்தச் சுருதியோடு சேர்ந்திருக்கிறது என்று எவனுக்குக் கவலை?

முதலாளி பகவதியப்பனுக்குச் சங்கீதத்தில் தெரிந்ததெல்லாம் சனம் கைதட்டுகிறதா, மண்ணை வாரி எறிகிறதா என்பதுதான். அவர் ஒருநாள் ஞானதாசனைக் கூப்பிட்டு, இனி ஒரு தடவை ராஜா உம்மைத் திரும்பிப் பார்த்தால் கித்தாருக்கு இங்கே இடமில்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஞானதாசனுக்குச் சங்கடம். கலியாணங்கள் சீசனுக்குத்தான் வரும். மிச்ச மாசமெல்லாம் கம்பெனிச் சோறுதான். அதைவிடப் பெரிய சங்கடம், வீட்டில் உட்கார்ந்து வாசித்தால் கேட்பதற்கு ஒரு கோழியும் நேசபாயும்தான். நேசபாய் அவன் பெண்சாதி. கோழியாவது சில நாள் நின்று கேட்கும்.

சுசீந்திரத்தில், அறுப்பு முடிந்த வயலில் கொட்டகை. அன்றைக்குப் பார்த்துச் சேவக வேஷக்காரனுக்குக் காய்ச்சல். ஞானதாசன் தானாகவே ஓடிப்போய் ஈட்டியை எடுத்துக்கொண்டான். ஏன் தெரியுமா? ராஜா சிறையில் புலம்பும் பாட்டுக்குச் சேவகன் கூடவே நிற்க வேண்டும். கித்தார் உறை போட்டபடி, அவன் வழக்கமாக உட்காரும் மேடை ஓரத்து ஸ்டூலில் கிடக்கும். இன்றைக்குக் குரல் விழுந்தால் எங்கே திரும்புவார்? யாரைப் பார்ப்பார்? ஊருக்கு உண்மை தெரிந்துவிடும். ஒட்டுமீசைக்குள் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

மூன்றாவது அடியில் குரல் விழுந்தது. வழக்கமான இடத்தில், வழக்கமான மாதிரி. சுந்தரராஜ் கண்ணைத் திறந்தார். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஈட்டியோடு நிற்கிறான் ஞானதாசன். அவனைத் தாண்டி, அவன் தோளுக்கு மேலே, ஓரத்து ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தார். உறைக்குள் கிடந்த கித்தாரை முறைத்தார். இரண்டு விரலைத் தூக்கி முறுக்காணியைத் திருகினார்.

கூட்டம் 'ச்சு' கொட்டியது. முன்வரிசையில் ஒருவர் இந்தக் கித்தார்க்காரனை எங்கேயிருந்துதான் பிடித்தார்களோ என்று பக்கத்து ஆளிடம் நொந்துகொண்டது சேவகன் காதில் தெளிவாக விழுந்தது. ஈட்டிமுனை அட்டை. சுந்தரராஜ் பிழைத்தார்.

உள்ளே முதலாளி காத்திருந்தார்.

"நான் வாசிக்கவே இல்லியே முதலாளி. ஈட்டியும் கையுமா அவருக்குப் பக்கத்துலல்லா நின்னேன்."

முதலாளி நியாயஸ்தர். கொஞ்சம் யோசித்தார்.

"வாசிக்காமலே இப்பிடிக் கெடுக்கேருன்னா, வாசிச்சா என்ன கதி ஆகும் வேய்?"

கித்தார் வீட்டுக்குப் போயிற்று. ஸ்டூல்கூடத் தோசைக்கடைக்குப் போயிற்று.

அடுத்த நாடகம் காற்றுக்குப் பேர்போன ஆரல்வாய்மொழியில். மூன்றாவது அடி, குரல் விழுந்தது, சுந்தரராஜ் திரும்பினார். ஸ்டூல் இருந்த இடத்தில் வெறும் பலகை. ஆர்மோனியத்தின் பக்கம் திரும்பினார். ஆர்மோனியக்காரர் முதலாளியின் மச்சினர். சுந்தரராஜ் திரும்பிய வேகத்திலேயே முகத்தை எடுத்துக்கொண்டார். வேறு வழி? கணவாய்க் காற்று படுதாவை அடித்துக்கொண்டிருந்தது. காற்றைக் காட்டி, தலையை ஆட்டி, இரண்டு விரலைத் தூக்கினார்.

எந்த ஊரில் போய்க் காற்றைக் குற்றம் சொல்வது என்று ஒரு கணக்கு வேண்டாமா? கூட்டத்திலிருந்து ஒரு குரல் நிதானமாக வந்தது.

"எங்க ஊரு காத்து எப்பளும் ஒரே சுதியிலதான் அடிக்கும். நீரு பாடும் வேய்."

கொட்டகை சிரித்து ஓய்வதற்குள் ராஜா அடுத்த அடியையும் மறந்தார். மண் வந்து விழ ஆரம்பித்தது.

மறுநாள் காலையில் ஒரு குலை மட்டி வாழைப்பழத்தோடு சுந்தரராஜ் ஞானதாசன் வீட்டுக்கு வந்தார். நேசபாய் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். அவசரமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு, பக்கம் திரும்பி நேசபாயைப் பார்த்தார்.

"நீரு இல்லாத மேடை மேடையாட்டே இல்ல, ஞானதாசு."

ஞானதாசனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. "சுதிக்கு முட்டுப்படுதோ அண்ணாச்சி?"

"சுதி கெடக்கட்டும். முதலாளிகிட்ட பேசியாச்சு. நீரு பழையபடி வாரும். வாசிக்கக்கூட வேண்டாம். ஸ்டூல்ல சும்மா இருந்தாப் போதும்."

அதாவது சோறு உண்டு, இடம் உண்டு, சுவர்மாதிரி உட்கார வேண்டும். நேசபாய் கதவோரம் நின்று புருஷன் முகத்தையே பார்த்தாள். ஞானதாசன் மட்டிப்பழத்தைப் பார்த்தான், கித்தாரைப் பார்த்தான்.

"சும்மா இருக்கதுக்கு நான் படிக்கல அண்ணாச்சி. வாசிக்கச் சொன்னா வாறேன்."

வாசிக்கச் சொல்ல சுந்தரராஜுக்கு வாய் வரவில்லை. எழுந்துவிட்டார்.

இவ்வளவையும் படித்துவிட்டு, "அட, எங்க ஆபீஸ் ஹெட்கிளார்க்கு அச்சு அசல் இப்படித்தான், என் மச்சினனைப் பற்றித்தான் எழுதியிருக்கிறான்" என்று பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்க்கிறீர்களே, அந்தக் கழுத்தைக் கொஞ்சம் அப்படியே நிறுத்துங்கள். எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சுந்தரராஜ் வாசல்வரை போனவர் நின்றார். அவர் ஞானதாசனிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்.

"அப்பம் ஒண்ணு செய்யும். நீரு வரண்டாம். கித்தார மட்டும் குடுத்துவிடும். ஸ்டூல்ல சாத்தி வச்சுக்கிடுதேன்."