பதினேழு ஆழாக்கு வேட்டு

கீழ்பென்னாத்தூர்,
14-6-1981

பட்டணத்தில் வெடிமருந்து சோதிக்கும் இடத்தில் உத்தியோகம் பார்க்கும் மச்சான் ராஜேந்திரனுக்கு, உன் அக்காள் புருஷன் தருமன் எழுதிக்கொண்டது. இங்கு மாடு கன்று உட்பட எல்லாரும் சேமம். என் வாய் மட்டும் சேமமில்லை.

உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் சரசுவின் கல்யாணப் பேச்சு நின்றது ஜாதகத்தால் அல்ல, என்னால். நிச்சயதார்த்தத்தன்று இரண்டு வீட்டாரும் வேட்டு போட்டோம். மாப்பிள்ளையின் அப்பா சின்னசாமி போட்டது வெடித்ததும், "சம்பந்தி, யாரோ அப்பளம் உடைக்கிறாங்க, பந்திக்குப் போலாங்களா?"ன்னு கேட்டுவிட்டேன். மனுஷன் துண்டை உதறி எழுந்தார். "யார் வேட்டு பலம்னு முதல்ல நிரூபிங்க. அப்புறம்தான் தாலி."

அதற்குத்தான் உன்னிடம் யோசனை கேட்டேன். நீயும் எழுதினாய்: சத்தத்தை நம்பாதீங்க மாமா, ஒரே எடை மருந்தை ஈயக் கட்டியின் துளைக்குள் வைத்து வெடித்து, குழி எவ்வளவு பெருத்தது என்று தண்ணீர் ஊற்றி அளப்பார்கள், ஒரு மருந்தை ஒன்று என்று வைத்துக்கொண்டு மற்றது அதற்கு எத்தனை மடங்கு என்று சொல்வார்கள் என்று. ஈயத்துக்கு நான் எங்கே போவேன்? குயவர் முருகையன் பானை மண்ணில் ஆட்டுக்கல் பருமனுக்கு இரண்டு உருண்டை பிடித்துக் கொடுத்தார். இரண்டு பேர் மருந்தையும் தட்டான் தராசில் ஒரே எடையாக நிறுத்தோம். ஊரே தள்ளி நிற்க, வெடித்தோம். என் குழி நாலு ஆழாக்குத் தண்ணீர் குடித்தது. குடத்தோடு நின்ற சரசு என்னைப் பார்த்தாள். நான் ஜெயித்தால் சம்பந்தி முறுக்கிக்கொண்டு போய்விடுவார், பெண் வீட்டோடுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சம்பந்தி தம் குழிக்குத் தாமே ஊற்றினார். நாலு, அஞ்சு, ஒன்பது. நிரம்பவில்லை. உருண்டையின் அடி பிளந்து தண்ணீர் என் பக்கமாக ஓடி வந்தது. யாரும் பார்க்கக் கூடாதென்று அந்த ஈரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டேன். பதினேழில் குடம் காலி.

"என்னா சம்பந்தி, அப்பளமா?"

"உங்களுது நாலேகால் மடங்கு ஜாஸ்திங்க."

"எழுந்து நின்னு சொல்லுங்க."

"முட்டி வலிங்க."

ஆவணியில் முகூர்த்தம். அடி பிளந்த விஷயம் உனக்கும் எனக்கும் மட்டும். நீ வேலை செய்யும் இடத்தில் கைவிரல் எண்ணிக்கை குறையாமல் அண்ணாமலையார் உன்னைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
தருமன்

பி.கு.: நான் உறையை ஒட்டுவதற்குள் உன் அக்காள் சரோஜா இதைத் தபாலில் போடச் சொல்லிச் சம்பந்தியிடமே கொடுத்துவிட்டாள். படித்துவிட்டு நேரில் கொண்டுவந்து தந்தார். கல்யாணம் நிற்காதாம். தாரை வார்க்க எனக்குப் பதில் மாமன் நீயும் உன் மனைவியும் வந்தால் போதுமாம். எனக்குப் பந்தலுக்கு வெளியே வேட்டு கொளுத்தும் வேலை.