கிள்ளிப் போட்டால் போதும்

பாசிக்காரர் என்றொரு மனித இனம் உண்டு. நாய் வளர்ப்பவரைத் தெருவிலேயே கண்டுகொள்ளலாம். இவரைக் காண வீட்டுக்குள் போக வேண்டும். ஜாம் பாட்டில், பூச்சாடி, மீன் செத்துப்போன தொட்டி, கைப்பிடி உடைந்த காபிக் குடுவை என்று சன்னல் நெடுகக் கண்ணாடிக்குள் பச்சையாக ஏதோ மிதந்தால், வந்த இடம் சரி. 'உட்காருங்க' என்று சொல்ல மாட்டார். 'குனிங்க' என்பார். நீங்களும் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து, தண்டின் நுனியிலிருந்து ஊசிமுனையளவு குமிழி ஒன்று கிளம்பி மேலே போவதைப் பார்த்து 'அடடா!' என்றால்தான் தேநீர் வரும். சொல்லாவிட்டால்? அடுத்த குமிழி வரும்வரை குனிந்தே நிற்க வேண்டியதுதான்.

எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடி முரோகா அப்படிப்பட்டவர். இரண்டு வருடம் முன்பு வளர்ப்பு மீன் கடையில் விரல் நீளம் வேலம்பாசி வாங்கினார். மண் வேண்டாம், உரம் வேண்டாம். 'கிள்ளிப் போட்டால் போதும்' என்றான் கடைக்காரன். உண்மைதான். ஆபத்தும் அதுதான். கிள்ளிய இடத்தில் இரண்டு கிளை. கிள்ளிப் போட்டதோ தனிச் செடி. அதைக் குப்பையில் போடப் பாசிக்காரருக்குக் கை வருமா? புது ஜாடிதான் வேண்டும்.

ஜாடிக்கு எங்கே போவார்? மனைவியின் அடுக்களைக்குத்தான்.

மனைவி தமாயே முதியோர் இல்லத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். ஜூன் மழை தொடங்கியதும் அவளுடைய அக்கா ஒரு பெட்டி ஊமே என்னும் புளிப்புக் காய் அனுப்புவாள். சிவப்பு மூடி போட்ட ஐந்து ஜாடிகளில் அதை உப்பிட்டு ஊறப்போட்டால்தான் வருடம் முழுக்கச் சோறு இறங்கும். இந்த வருடம் பெட்டியைத் திறந்தாள். எல்லாம் மஞ்சளாகப் பழுத்திருந்தன. இன்றே உப்பில் விழாவிட்டால் நாளை அழுகிவிடும். அலமாரியைத் திறந்தாள். ஒரு ஜாடிகூட இல்லை.

"ஏங்க, என் ஜாடியெல்லாம் எங்க?"

"ரெண்டு சன்னல்ல இருக்கு. தொட்டுராத! தண்ணி இப்பத்தான் தெளிஞ்சிருக்கு."

"மத்த மூணு?"

"அக்கம்பக்கத்துல குடுத்தேன்."

"காலி ஜாடியா?"

"சேச்சே, பாசியோடதான்!"

"வேண்டாம்னு சொல்ல மரியாதை விடலை, வாங்கிட்டாங்க. ஒரு மணி நேரத்துல மூணும் வரணும். இல்லைன்னா அந்த ரெண்டையும் கவுத்துருவேன்."

முரோகா ஓடினார். அந்த மரியாதைதான் காலை வாரியது. எங்கள் ஊரில் யாரும் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். கொஞ்சம் பழமோ ஒரு துண்டு கேக்கோ போட்டுத்தான் தருவார்கள். கீழ்வீட்டு ஹொரியுச்சி அம்மாள் கை நிறையப் பாசியை அள்ளித் திணித்து, "வெறும் ஜாடியா குடுப்பேனா, முரோகா-சான்? நீங்க குடுத்ததை விட ரெண்டு மடங்கு வச்சிருக்கேன்! என் வாளியையும் எடுத்துக்குங்க" என்றார். இரண்டு வருடமாக இந்த நாளுக்காகவே காத்திருந்த முகம் அது. மற்ற இரண்டு வீடுகளும் சளைக்கவில்லை. ஒரு வீட்டில் நத்தைகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

மூன்று ஜாடி, ஒரு வாளி, பதினாறு நத்தை. தமாயே அத்தனையையும், சன்னலில் இருந்த இரண்டையும், குளியல் தொட்டியில் கவிழ்த்தாள்.

"அய்யோ! நான் எங்க குளிக்கிறது?"

"உங்க பிள்ளைங்களோட சேர்ந்து குளிங்க."

ஜாடிகளைத் தேய்த்துக் கழுவி, சாராயத்தால் துடைத்து, காய் ஒரு வரிசை, உப்பு ஒரு வரிசை என்று அடுக்கி, மேலே பாரத்துக்குக் கல்லேற்றினாள். ஊறுகாய் பிழைத்தது. கடைசி ஜாடியைக் கழுவும்போது மட்டும் அடியில் ஒரு துணுக்குப் பாசி ஒட்டியிருந்தது. சின்னது. குப்பைத்தொட்டி இரண்டடி தள்ளி. எட்டவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்கெட்டிய கிண்ணத்தில் போட்டாள்.

சாயங்காலம் முரோகா பல்செட்டைக் கையில் ஏந்தி வந்தார். "என் பல்லு கிண்ணம் எங்க?"

தமாயே முழங்காலில் கை ஊன்றிச் சன்னலோரம் குனிந்திருந்தாள். "உஷ்! தண்ணி இப்பத்தான் தெளிஞ்சிருக்கு. பல்லை வாயிலயே வைங்க."

நீங்கள் சிரிக்கலாம். போன வாரம் காலியான ஊறுகாய் பாட்டிலைத் தூக்கிப் போடாமல் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறீர்களே, அது எதற்கு?