சிங்கப்பூர் போகாத எனக்கு வைத்த பேனர்

எனக்குப் பொறாமை அதிகம். பக்கத்து இலையில் ஒரு கரண்டி பாயசம் கூட விழுந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. இப்படிப்பட்டவன் பார்க்கவே கூடாத வேலையை நான் பார்த்தேன். தொழில்நுட்பக் கம்பெனி ஒன்றுக்கு விளம்பர வேலை. சாதாரணச் செயலியை 'உலகையே மாற்றப் போகிறது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு (பாதி நேரம் அது திறக்கவே திறக்காது), மற்றவர்கள் உலகம் சுற்றும் படங்களை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்த மேஜை தீபிகா மாதம் ஒரு விமானம் ஏறுவாள். ஜன்னல் வழியே இறக்கை, காகிதக் கோப்பையில் காபி, 'மறுபடியும் வானத்தில்' என்று ஒரு வரி. நான் திருத்தணிக்காரன். "உங்க ஊர்ப்பக்கம்தானே" என்று சொல்லியே மேலாளர் என்னைப் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை என்று பஸ்ஸில் அனுப்புவார். ஜன்னலோரம் எனக்கும் கிடைக்கும். முன்சீட்டுக்காரர் மடியில் இருந்த கோழியின் இறக்கையைப் படம் எடுத்துப் போட்டேன். ஒருத்தரும் சீந்தவில்லை.

ஒருநாள் தீபிகா சிங்கப்பூர் கண்காட்சிக்குக் கிளம்பினாள். அவள் அலுவலகத்தில் மறந்துவிட்டுப் போன விளம்பரத் தாள்கட்டை விமான நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வயிறு எரிய எரியப் போனேன். பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் தண்ணீர் வாங்கப் போனாள். தலைக்கு மேல் 'புறப்பாடு' என்ற பலகை, கையில் சிவப்புப் பெட்டி. சனியன் தோளில் ஏறி உட்கார்ந்தது. செல்ஃபி எடுத்து, 'சிங்கப்பூர் அழைக்கிறது' என்று ஸ்டேட்டஸ் போட்டேன்.

கல்லூரி நண்பர்கள் பார்த்து எரிய வேண்டும், அவ்வளவுதான் திட்டம். அலுவலகத்தாரையும் சொந்தக்காரர்களையும் தேடித் தேடி மறைத்துவிட்டுத்தான் போட்டேன் (தொழில் தெரிந்தவன் அல்லவா). என் அக்கா வீட்டுக்காரர், எங்கள் பக்கத்து வழக்கில் பாவா, புது நம்பர் வாங்கியிருந்ததை மட்டும் மறந்துவிட்டேன்.

மறுநாள் பாவா போன் செய்தார். எடுத்தால் பொய் சொல்ல வேண்டும் என்று எடுக்கவில்லை. வெளிநாட்டில் போன் எடுத்தால் காசு போகும், அதனால்தான் எடுக்கவில்லை என்று அவரே அக்காவுக்கு விளக்கம் சொல்லியிருக்கிறார்.

அடுத்த வாரம் பொதட்டூர்பேட்டையில் தறி முதலாளிகளுக்கான செயலி அறிமுகம். ஊர் திரும்பியிருந்த தீபிகாவையும் என்னோடு அனுப்பினார்கள். ரயிலில் திருத்தணி வந்து, பஸ் மாற பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம்.

அங்கே டீக்கடையைப் பாதி மறைத்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். பத்தடி உயரம். யாரோ ஒருவருடைய கோட்டின் மேல் என் தலை, பக்கத்தில் செல்ஃபியிலிருந்து வெட்டி ஒட்டிய சிவப்புப் பெட்டி. பின்னால் வந்த விமானத்தின் மூக்கு என் காதுக்குள் போயிருந்தது. 'சிங்கப்பூரை வலம்வரும் எங்கள் குலக்கொழுந்து குமரேசனே! வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்!' (பாவா என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பேனர் கடையில் ஏற்கெனவே அடித்து வைத்திருந்த வரியாம்.) கீழே வரிசையாக ஆறு பேர் காதில் போனோடு. நடுவில் பாவா.

தீபிகா படித்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் படித்தாள்.

"அது என் பெட்டி" என்றாள்.

அதற்குள் டீக்கடையிலிருந்து பாவா ஓடி வந்துவிட்டார். "இன்னா மச்சான், சொல்லாம கொள்ளாம வந்துகினு கீற? ஏர்போர்ட்டுக்கே வண்டி எடுத்துகினு வந்திருப்பேன் இல்ல?" என் தோளில் கைபோட்டு, டீக்கடைக் கும்பலுக்கு முன்னால் நிறுத்தினார். உன் மச்சான் கம்பெனி வேலை என்று சொல்லிக்கொண்டு டவுன் பஸ்ஸில்தானே சுற்றுகிறான் என்று அவரை ஓட்டி வந்த கும்பல் அது. அவர்கள் வாயை அடைக்கத்தான் பேனரே. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாவா ஜெயித்திருப்பார். பெட்டிக்குச் சொந்தக்காரி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் போவல பாவா. அவங்கதான் போனாங்க. நான் பெட்டியப் புடிச்சிகினு நின்னேன்."

கும்பல் மொத்தமும் பாவா பக்கம் திரும்பியது. பாவாவின் கை என் தோளிலிருந்து இறங்கியது. என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அவமானத்தில் எனக்கு அழுகை வந்தது.

"இப்ப எங்க போற?" என்று கேட்டார்.

"பொதட்டூர்பேட்டைக்கு."

"கம்பெனிதான அனுப்பிச்சிது?"

"ஆங்."

கடைச் சுவரில் தொங்கிய பெரிய மாதக் காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். அதன் பின்பக்கம் பட்டை எழுத்தில் 'பொதட்டூர்பேட்டையை' என்று எழுதி, ஸ்டூல் போட்டு ஏறி, 'சிங்கப்பூரை' என்பதன் மேல் ஒட்டினார். ஊர் நீளம் என்பதால் கடைசி எழுத்துகள் என் கழுத்தைச் சுற்றிக்கொண்டன. "இது நெசம்தான? இருக்கட்டும்" என்று கும்பலைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. நாங்கள் பஸ் ஏறும் வரை சிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

பஸ் கிளம்பியது. தீபிகா என்னைக் கிழித்துத் தொங்கவிடப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் ஜன்னல் வழியே தலையைத் திருப்பி, கண்ணிலிருந்து மறையும் வரை பேனரையே பார்த்தாள்.

"எத்தனையோ தடவை போயிட்டேன்" என்றாள். "எங்க வீட்ல வந்து சேந்துட்டியான்னுகூட யாரும் கேட்டதில்ல."

அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்ப்பதுதான்.

அந்த பேனர் இப்போது பாவாவின் மாட்டுக் கொட்டகைக்குக் கூரை. மழைக்காலத்தில் என் மூக்கு வழியாகத்தான் ஒழுகுகிறதாம். போன மாதம் என்னை நிஜமாகவே சிங்கப்பூர் அனுப்பினார்கள். விமானத்தில் உட்கார்ந்து, இறக்கை தெரிய, மடியில் டிக்கெட்டை வைத்துப் படம் எடுத்துப் பாவாவுக்கே முதலில் அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"பெட்டி யாருது மச்சான்?"