தாசில்தாருக்கு நான் நடத்திய தவளைப் பாடம்

அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு நிற்பது எப்படி என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. தந்திருந்தால் எங்கள் தெருவில் பன்னிரண்டு குடும்பங்களுக்கு அன்றைக்கே வீட்டுமனைப் பட்டா கிடைத்திருக்கும். கெடுத்தது மிராசுதார் இல்லை, சர்க்கார் இல்லை. அடியேன்தான்.

அப்போது நான் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு. பெயர் அறிவழகன். (கழகப் பற்றில் அப்பா வைத்தது. கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்.) பூதலூர்ப் பக்கம் எங்கள் விவசாயக் கூலித் தெருவிலிருந்து கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள். அந்தத் திமிரில் காதை மூடிய கிராப்பு, தெருவைப் பெருக்கும் பெல்பாட்டம், வாயைத் திறந்தால் லத்தீன்.

அந்த வருஷப் பரீட்சைக்கு நிச்சயம் வரும் என்று எங்கள் பேராசிரியர் அடித்துச் சொன்ன பத்து மார்க் கேள்வி ஒன்று உண்டு: 'பாலைவன மரத்தவளை, வகைப்பாடும் பரவலும்.' நான் பார்த்தே இராத அந்தத் தவளையை உருப்போட்டு உருப்போட்டு, கட்டியிருந்த மாட்டிடம்கூட ஒப்பித்துவிட்டேன். மாடு கடைசிவரை கேட்டது. வேறு வழியில்லை அதற்கு.

இந்தச் சமயத்தில்தான் ஊரில் கூலித் தகராறு. கூலி ஏற்றிக் கொடுத்தால்தான் அறுப்பு என்று எங்கள் ஆட்கள் நின்றுவிட்டார்கள். மிராசுதாருக்குக் கடுப்பு. நாங்கள் குடியிருந்த இடம் பழைய ரிக்கார்டில் 'குட்டை' என்று இருந்ததைத் தோண்டி எடுத்து, நீர்நிலைப் புறம்போக்கில் குடிசை போட்டிருக்கிறார்கள், காலி செய்ய வேண்டும் என்று மனுப் போட்டுவிட்டார். குட்டை தூர்ந்து எத்தனையோ காலம் ஆகிறது, சொட்டுத் தண்ணீர் கிடையாது, பட்டா கொடுங்கள் என்று நாங்கள் எதிர்மனு. தண்ணீர் நிற்காத இடம் என்றால் வீடு எங்களுக்கு. நிற்கும் என்றால் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். நேரில் பார்த்து முடிவு செய்ய தாசில்தார் வருகிறார் என்று தகவல் வந்தது.

பாழாய்ப்போன கோடை மழை அதற்கு முந்தின வாரம்தான் பெய்தது. தெரு முழுக்கக் காய்ந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கொல்லைப் பள்ளம் மட்டும் காயவில்லை. பெண்கள் வாளி வாளியாக இறைத்தார்கள். இறைக்க இறைக்க ஊறியது. கடைசியில் என் அம்மாதான் யோசனை சொன்னாள். பள்ளத்தின் மேல் மூங்கில் தட்டி, தட்டிமேல் கோரைப்பாய், பாய்மேல் பன்னிரண்டு வீட்டு நெல்லையும் கொட்டிப் பரப்பியாயிற்று. பார்த்தால் காய்ந்த களம். சுற்றிலும் வறட்டி வேறு.

அப்பா விவசாயக் கூலிச் சங்கத்து ஆள், அதிகாரியைப் பார்த்தாலே குரல் ஏறிவிடும். அவரைத் திருவாரூருக்கு ஏதோ வேலை சொல்லி அனுப்பிவிட்டாள் அம்மா.

"அவரு இருந்தா காரியத்தக் கெடுத்துருவாரு. நீ படிச்ச புள்ள, பதமா நில்லுடா அறிவு" என்றாள்.

பதமாகத்தான் நின்றேன். தாசில்தார் வந்தார். கூடவே மிராசுதாரின் கணக்கப்பிள்ளையும் வந்தார், மூக்கை நீட்டிக்கொண்டு. தாசில்தார் தெருவை ஒரு சுற்று சுற்றினார், மண்ணைச் செருப்பால் தேய்த்துப் பார்த்தார், எங்கள் கொல்லைக்கு வந்து நின்றார்.

"காஞ்சுதான்யா கெடக்கு" என்று ஃபைலைத் திறந்தார்.

அம்மா கும்பிடுவதற்குக் கையைக்கூடத் தூக்கிவிட்டாள். அந்த நேரம் பார்த்து, வேலியிலிருந்து ஒரு தேரை தாவி வந்து ஃபைலின் மேல் உட்கார்ந்தது. மெலிந்த பழுப்பு உடம்பு, விரல் நுனியில் பொத்தான் வைத்தாற்போல் வட்டம்.

கணக்கப்பிள்ளை துள்ளினார். "பாத்தீங்களா சார்! தவள இருக்கு. தண்ணி இல்லாம தவள எங்கேருந்து வரும்?"

தாசில்தார் பேனாவை மூடினார். நான் ஓரடி முன்னால் வந்தேன்.

"சார், இது சாதாரணத் தவளை இல்லை. பாலைவன மரத்தவளை!"

அப்புறம் யார் நிறுத்துவது? தொகுதி முதுகுநாணிகள், வகுப்பு இருவாழ்விகள், குடும்பம் ஹைலிடே, பேரினம் ஹைலா, சிற்றினம் ரூபெல்லா. பரவல், ஆஸ்திரேலியாவின் வடக்கும் நடுவும், வறண்ட பாலைப் பகுதி உட்பட. மாட்டிடம் சொன்ன அதே வேகத்தில் சொன்னேன்.

(அத்தனையும் பிசகு. ஃபைலில் உட்கார்ந்திருந்தது நம் ஊர்த் தேரை. அதன் குடும்பமே வேறு. ஆஸ்திரேலியத் தவளை பூதலூருக்கு எந்த ரயிலில் வந்திருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை. போதாக்குறைக்கு, ஆஸ்திரேலியாக்காரனின் பேரினப் பெயரையும் பிற்பாடு மாற்றிவிட்டார்கள்.)

தாசில்தார் அசந்துபோனார். "அட, பாலைவனத்துலயே இருக்குமா? அப்ப தண்ணி வேணாம் இதுக்கு." கணக்கப்பிள்ளையின் முகம் தொங்கிவிட்டது. பேனா மறுபடி திறந்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காக இன்னும் பத்துப் பரீட்சை எழுதலாம்.

எழுதிக்கொண்டே சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார் அந்த மனுஷர்: "ஏன் தம்பி, தண்ணியே இல்லாத எடத்துல முட்ட எங்க போடும்?"

தெரியாது சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருமியிருக்கலாம். மயங்கி விழுந்திருக்கலாம். ஆனால் அன்று காலையில்தான் பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, தட்டியின் அடியில் ஒரு அற்புதத்தைக் கண்டிருந்தேன். அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

"நுரைக்கூடு கட்டும் சார்! தண்ணிக்கு நேர் மேலே தொங்கும். குஞ்சு பொரிச்சதும் சொட்டுச் சொட்டா தண்ணிக்குள்ளே விழும். இதோ, நேர்லயே காட்றேன்!"

"அறிவு!" என்று அம்மா கத்தினாள். அந்தக் குரல் காதில் விழுந்தபோது பாயும் தட்டியும் என் கையில் இருந்தன. பன்னிரண்டு வீட்டு நெல்லும் சரசரவென்று சரிந்து பள்ளத்துக்குள் போயிற்று. பச்சைத் தண்ணீர் முழங்கால் ஆழத்துக்குப் பளபளத்தது. தட்டியில் வெள்ளை வெளேரென்று நுரை. தண்ணீரில் தலைப்பிரட்டைகள், எண்ண முடியாத அளவுக்கு.

கணக்கப்பிள்ளைதான் எனக்குக் கை கொடுத்தார். "நல்லாப் படிப்பீங்க தம்பி."

தாசில்தார் சிரிக்கவும் முடியாமல் முறைக்கவும் முடியாமல் நின்றார். "நானே எழுதாம விட்டாலும் இந்தக் கணக்கப்பிள்ள மேலிடத்துக்கு எழுதிருவாரும்மா" என்று அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, நீர்நிலை என்று எழுதினார். மாற்று இடத்துக்கும் அவரே கீழே இரண்டு வரி சேர்த்தார். நல்ல மனுஷர்.

அன்று என்னை ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெண்கள் வரிசையாகப் பள்ளத்தில் இறங்கி, ஊறிய நெல்லை முறத்தில் அள்ளினார்கள். அம்மாவும் அள்ளினாள், என்னை நிமிர்ந்து பார்க்காமல். பெல்பாட்டத்தைச் சுருட்டிக்கொண்டு நானும் இறங்கினேன்.

மூன்று வருஷம் இழுத்தடித்து, நில உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதாரிடமிருந்து எடுத்த மேட்டு நிலத்தில் பட்டா வந்தது. பட்டாவில் அம்மா பெயர். அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, எழுந்துபோய் என் கையில் ஒரு குடத்தைக் கொடுத்தாள். அந்த மேட்டில் மருந்துக்கும் தண்ணீர் இல்லை. அடிபம்பு அரை மைல் தள்ளி.

"பாலைவனம் பாலைவனம்னியே, குடுத்துட்டாங்க. போ, தண்ணி தூக்கிட்டு வா."

லீவுக்கு வந்தபோதெல்லாம் தூக்கினேன். எங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை, பன்னிரண்டு வீட்டுக்கும்.

பிற்பாடு நான் விலங்கியல் வாத்தியாராகி, ஓய்வும் பெற்றுவிட்டேன். எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது வங்கிக்கோ, தாலுகா ஆபீசுக்கோ, சம்பந்தம் பேசவோ கிளம்பினால் அம்மா வாசல்வரை வந்து சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: "பாயத் தூக்கிராதீங்க." என் பேத்திக்குக்கூட அர்த்தம் தெரியும்.

போன ஐப்பசி அடைமழையில் அந்த மேட்டு வீட்டுக் குளியலறையில் ஒரு தேரை வந்து வாளி விளிம்பில் உட்கார்ந்திருந்தது. பேத்தி அலறிக்கொண்டு துடைப்பத்தோடு ஓடினாள். அம்மா தடுத்துவிட்டாள்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்டி. அன்னிக்கும் அது ஒண்ணும் சொல்லல. உங்க தாத்தாதான் சொன்னான்."